அறக்கட்டளைச் சொற்பொழிவு

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது, தனியொருவரோ ஓர் அமைப்போ அளித்த மூலதனத்திலிருந்து கிடைக்கும் வட்டியைக் கொண்டு, பல்கலைக்கழகம், கல்லூரி, தமிழ்ச் சங்கம் முதலிய நிறுவனங்கள் குறிப்பிட்ட பொருளில் காலமுறைப்படி நடத்தும் பொதுச் சொற்பொழிவு ஆகும். பெரும்பாலும் இது ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும். கேட்போரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை. இலக்கியம், இலக்கணம், மொழியியல், வரலாறு, சமயம், இசை, நாடகம் ஆகிய துறைகளில் தமிழில் இத்தகைய சொற்பொழிவுகள் மிகுதி. கல்லூரியில் சேராத ஒருவர், பாடத்திட்டமும் தேர்வும் இன்றி உயர்கல்வியின் பயனைப் பெறுவதற்கு உள்ள பழைய வழிகளுள் இதுவும் ஒன்று.

பெயரும் வகைகளும்

'அறக்கட்டளை' என்ற சொல் இங்குக் கொடையாகக் கிடைத்த நிதியையும் அதற்கான நிபந்தனைகளையும் சேர்த்துக் குறிக்கும். கோயில்களில் குறிப்பிட்ட பூசைக்கோ விழாவுக்கோ நிலமும் பொருளும் எழுதிவைப்பதைக் 'கட்டளை' என்பர். கல்வி நிறுவனங்களில் வழங்கும் சொல்லும் அதே பொருளையே தழுவியது. இச்சொற்பொழிவுகளைப் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- நினைவுச் சொற்பொழிவு: மறைந்த ஒருவரின் பெயரால் நடத்தப்படுவது.
- பொருள்வழிச் சொற்பொழிவு: திருக்குறள், சிலப்பதிகாரம், சைவ சித்தாந்தம் எனக் கொடையாளர் வரையறுத்த பொருளில் மட்டும் நிகழ்வது.
- தொடர் சொற்பொழிவு: ஒரே அறிஞர் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு அல்லது மூன்று உரைகள் ஆற்றுவது. பின்னர் நூலாக வெளிவருபவை பெரும்பாலும் இவ்வகையினவே.

முன்னோடிகள்

பொதுமக்கள் கேட்பதற்காக நூலொன்றைப் படித்து விளக்கும் பணிக்குக் கொடை அளிக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு (7-ஆம் நூற்றாண்டு), காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்கியதைக் குறிப்பிடுகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கண விளக்கத்துக்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும் வழக்கம் இன்றும் உள்ளது. எழுத்தறியாத மக்களும் வில்லிபுத்தூரார் பாரதத்தை அறிந்திருந்ததற்கு இவ்வழக்கம் ஒரு முக்கிய காரணம்.

இக்கால மேடைச் சொற்பொழிவின் தொடக்கமாக ஆறுமுக நாவலரின் பிரசங்கங்களைக் கொள்வர். நாவலர் 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கங்கள் தொடர்ந்தன. கிறித்தவத் திருச்சபையினரின் மறையுரை முறையை நன்கு அறிந்திருந்த அவர், அதன் வடிவத்தைச் சைவச் சூழலுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினார். செய்யுளுக்குச் செய்யுள் பொருள் சொல்லும் முறையிலிருந்து, ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு உரைநடையில் வாதிக்கும் முறைக்குத் தமிழ் மேடை நகர்ந்தது இக்காலத்தில்தான்.

பிற நாடுகளில்

பாரிசு நகரில் 1530-இல் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவா தோற்றுவித்த காலேசு த பிரான்சு, பட்டம் எதுவும் வழங்காமல், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கக்கூடிய விரிவுரைகளை இன்றும் நடத்துகிறது. இலண்டன் வணிகர் தாமசு கிரெசாம் (இறப்பு 1579) விட்டுச்சென்ற கொடையைக் கொண்டு கிரெசாம் கல்லூரி 1597-இல் தொடங்கியது. வானியல், இறையியல், வடிவியல், சட்டம், இசை, மருத்துவம், சொல்லாட்சி ஆகிய ஏழு துறைகளுக்கு ஏழு பேராசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். விரிவுரைகள் இலத்தீனில் மட்டுமன்றி, நகர மக்களுக்குப் புரியும்படி ஆங்கிலத்திலும் நிகழ்ந்தன. 1660 நவம்பர் 28 அன்று இக்கல்லூரியில் நடந்த ஒரு விரிவுரைக்குப் பின் கூடிய அறிஞர்களே இலண்டன் வேந்தியக் கழகத்துக்கு அடித்தளமிட்டனர்.

இசுக்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1888 முதல் நடந்துவரும் கிஃபோர்டு சொற்பொழிவுகள் நீதிபதி ஆடம் கிஃபோர்டின் உயிலால் ஏற்பட்டவை. 1873-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் சேம்சு சுடூவர்ட்டு என்பவரின் முயற்சியால் விரிவாக்கச் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. கல்லூரிக்கு வர இயலாத பெண்களும் தொழிலாளர்களும் இருக்கும் நகரங்களுக்கு விரிவுரையாளர்களை அனுப்புவதே இதன் நோக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1901-இல் சோலியட்டு நகரில் தொடங்கிய கல்லூரி முதலாகப் பரவிய சமுதாயக் கல்லூரிகள், தம் வட்டார மக்களுக்குக் கலை இலக்கியச் சொற்பொழிவுகள் நடத்துவதைத் தம் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளன.

இந்தியாவில் பழமையான அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுள் ஒன்று, பிரசன்னகுமார் தாகூரின் (இறப்பு 1868) கொடையால் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்ட தாகூர் சட்டச் சொற்பொழிவு ஆகும்.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரிகள் 1990-களில் தோன்றின. எனினும் அவை தொழில்திறன் பயிற்சியையே முதன்மையாகக் கொண்டவை. ஆகவே பொதுமக்களுக்கான இலக்கியச் சொற்பொழிவு என்னும் பணி, இங்குக் கலைக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் தமிழ்ச் சங்கங்களிடமுமே உள்ளது.

தமிழ்நாட்டில் வளர்ச்சி

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை நடத்தியது. இந்தியாவின் முதல் உயர் ஆணையராக இலண்டனில் பணியாற்றி 1922-இல் மறைந்த வில்லியம் மேயரின் பெயரால் அமைந்த சொற்பொழிவு அவற்றுள் ஒன்று. வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாத்திரி 1946–47-இல் இதன்கீழ் ஆற்றிய உரைகளே சிரீ விசய அரசின் வரலாறு பற்றிய அவரது நூலாக 1949-இல் வெளிவந்தன. வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் தமிழரின் தோற்றமும் பரவலும் குறித்து 1940-இல் ஆற்றிய சங்கர-பார்வதி சொற்பொழிவுகள் 1947-இல் நூலாயின.

இவை ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை. உயர்கல்வி நிலையில் தமிழிலேயே ஆய்வுரை ஆற்ற இயலுமா என்ற ஐயம் அக்காலத்தில் பலரிடமும் இருந்தது. அந்த ஐயத்தைப் போக்கியவர்களுள் முதன்மையானவர் ரா. பி. சேதுப்பிள்ளை (1896–1961). சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான அவர், பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் நகர மக்களுக்கு இலக்கிய வகுப்புகள் நடத்தினார். கோகலே மன்றத்தில் மூன்று ஆண்டுகள் சிலப்பதிகாரமும், தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் ஐந்து ஆண்டுகள் திருக்குறளும், கந்தகோட்ட மண்டபத்தில் ஐந்து ஆண்டுகள் கந்தபுராணமும் அவர் விளக்கினார். அவருடைய 'தமிழின்பம்' என்னும் கட்டுரை நூல் 1955-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தமிழுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை.

சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாளின் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அறக்கட்டளைகளை நிறுவினார். திருக்குறள் குறித்த சொர்ணம்மாள் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1971-இல் நூலாக வெளியிட்டது. அரசரோ பெருவணிகரோ அல்லாத ஓர் ஆசிரியர் கொடையாளராக அமைந்தது இதன் சிறப்பு. பிற்காலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், தம் பெற்றோர் அல்லது ஆசிரியர் பெயரால் சிறு தொகை அளித்துச் சொற்பொழிவு ஏற்படுத்துவது தமிழ்நாடு முழுவதும் பரவலாயிற்று. 1970-இல் நிறுவப்பட்ட உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் இத்தகைய அறக்கட்டளைகள் பல உள்ளன.

கல்வி நிறுவனங்களுக்கு வெளியே, சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம் குறிப்பிடத்தக்கது. அதன் ஆண்டு விழாவைப் பின்பற்றிப் பல ஊர்களில் கம்பன் கழகங்கள் தோன்றின. பட்டிமண்டபம் மக்களிடையே பெற்ற செல்வாக்குக்கும் இக்கழகங்களே பெரிதும் காரணம்.

சேலம், நாமக்கல் வட்டாரம்

சேலத்தில் பொதுச் சொற்பொழிவுக்கு நீண்ட மரபு உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் சேலம் சி. விசயராகவாச்சாரியாரின் நினைவாக நகரில் அமைந்த கட்டடம், நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் இணைந்ததாகும். படிக்கும் இடமும் கேட்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அக்காலக் கருத்துக்கு இது ஒரு சான்று.

1943-ஆம் ஆண்டு மார்ச்சு 14 அன்று சேலத்தில் நிகழ்ந்த சொற்போர் தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் தீயிட வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தி கா. ந. அண்ணாதுரையும், அதை மறுத்து நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பேசினர். சேலம் கல்லூரி முதல்வர் அ. இராமசாமிக் கவுண்டர் தலைமை ஏற்றார். அதற்கு முந்தைய மாதம் 9-ஆம் நாள் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாதுரையும் ரா. பி. சேதுப்பிள்ளையும் இதே பொருளில் வாதிட்டிருந்தனர். இவ்விரு சொற்போர்களிலும் அண்ணாதுரை ஆற்றிய உரைகள் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் நூலாயின. ஒரு காப்பியத்தைப் போற்றுவதா, புறக்கணிப்பதா என்ற வினா அறிஞர் அவையோடு நில்லாமல் பொதுமக்கள் முன் வாதிக்கப்பட்டதும், எதிரெதிர்க் கருத்தினர் ஒரே மேடையில் அமர்ந்ததும் இந்நிகழ்வின் முதன்மையான கூறுகள்.

1857-இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர்க் கல்லூரியாக உயர்ந்த சேலம் நகராட்சிக் கல்லூரி, இன்று அரசு கலைக் கல்லூரியாக உள்ளது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை அங்குத் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். பின்னாளில் பாவலரேறு எனப் பெயர்பெற்ற பெருஞ்சித்திரனார் (1933–1995) அங்கு அவரிடம் பயின்றவர். 1997-இல் நிறுவப்பட்டுச் சேலத்தை அடுத்த கருப்பூரில் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு உரியது. நாமக்கல் நகரில் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) வாழ்ந்த இல்லம் நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது.

சேலம் சந்திப்புத் தொடர்வண்டி நிலையம் சூரமங்கலத்தில் அமைந்துள்ளது. மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் சூரமங்கலமும் ஒன்று. ஏனையவை அத்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி. 2013-இல் சேலம்–கரூர் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின், இராசிபுரம், நாமக்கல் பகுதியினர் தொடர்வண்டியில் நேரடியாகச் சூரமங்கலம் வந்திறங்க முடிகிறது. இவ்வட்டாரத்தில் நெசவு, வெள்ளிக் கொலுசு, சவ்வரிசி, உருக்காலை ஆகிய தொழில்களில் பலர் ஈடுபட்டுள்ளனர். தறிக்கும் பட்டறைக்கும் செல்வோருக்கு வார நாளின் முற்பகல் ஓய்வு நேரமன்று. உருக்காலைத் தொழிலாளர் முறைப்பணியில் உள்ளவர்கள். கல்லூரி வேலை நேரத்தில் நடக்கும் சொற்பொழிவு, அனுமதி கட்டணமில்லாதது என்றாலும், இவர்களைப் பொறுத்தவரை ஒரு நாள் கூலியை இழந்து கேட்க வேண்டியதாகிவிடுகிறது. ஞாயிறு மாலையில், பேருந்து அல்லது தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் நடத்தப்படும் கூட்டங்களுக்கு வெளியூரினர் வருவது எளிது.

இலங்கையில்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நினைவுப் பேருரை, பேராசிரியர் க. கைலாசபதி நினைவுப் பேருரை முதலியன நிகழ்ந்துள்ளன. கைலாசபதி (1933–1982) 1974-இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக இருந்தவர். இலங்கையில் இவ்வகை உரைகள் 'நினைவுப் பேருரை' என்றே வழங்கப்படுகின்றன. உரை நிகழும் நாளிலேயே அதைச் சிறு நூலாக அச்சிட்டு வழங்குவதும் அங்கு உண்டு.

கலைத்துறைச் சொற்பொழிவுகள்

இசை, நடனம், சிற்பம் ஆகியவை குறித்த சொற்பொழிவில் உரையுடன் செய்துகாட்டலும் இடம்பெறும். இதனைச் செயல்முறை விளக்கவுரை எனலாம். 1928-இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாதமி, திசம்பர் விழாவின் காலை நேரங்களில் இத்தகைய உரைகளை நடத்திவருகிறது. ஓர் இராகத்தின் இயல்பு, மறைந்துபோன பாடமுறை, கருவியின் அமைப்பு போன்றவை இங்கு ஆராயப்படுகின்றன. சென்னையில் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை என்னும் தன்னார்வ அமைப்பு கோயிற்கலை, ஓவியம், வரலாறு பற்றிய பொதுச் சொற்பொழிவுகளைக் கட்டணமின்றி நடத்தியுள்ளது.

நடைமுறை

அறக்கட்டளை ஒன்றை நிறுவும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடும். பொதுவான படிகள் பின்வருமாறு.

1. கொடையாளர் தம் விருப்பத்தைக் கடிதமாக அளிப்பார். சொற்பொழிவின் பெயர், பொருள், நடக்க வேண்டிய நாள் அல்லது மாதம் ஆகியவை அதில் இருக்கும்.
2. பல்கலைக்கழகமாயின் ஆட்சிக்குழுவும், கல்லூரியாயின் முதல்வரும் உரிய குழுவும் அதை ஏற்பர்.
3. தொகை வங்கியில் நிலைவைப்பாக வைக்கப்படும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டுமே செலவிடலாம்.
4. துறைத்தலைவர் சொற்பொழிவாளரைத் தேர்ந்தெடுப்பார்.
5. வட்டித் தொகையிலிருந்து சொற்பொழிவாளரின் மதிப்பூதியம், பயணப்படி, அழைப்பிதழ் ஆகியவற்றுக்குச் செலவிடப்படும். எஞ்சும் தொகையை முதலுடன் சேர்ப்பது நல்ல முறை.

கொடைப்பத்திரத்தில் பொருளை மிகக் குறுகலாக வரையறுப்பது பிற்காலத்தில் இடர்தரும். ஒரே நூலைப் பற்றி ஆண்டுதோறும் பேச வேண்டும் எனில், சில ஆண்டுகளில் கூறியது கூறல் நேர்கிறது. 'சங்க இலக்கியம்', 'தமிழ்ப் பண்பாடு' எனச் சற்று விரிவாக அமைந்தவை நெடுங்காலம் பயன்தருகின்றன.

நூலாக்கம்

சொற்பொழிவு நூலாகும்போதே அதன் பயன் நிலைபெறுகிறது. உரையாகத் தொடங்கியதால் இந்நூல்களில் வாதம் நேராகச் செல்லும். சிறப்புத் துறை அறிவு இல்லாதவரும் பின்தொடர முடியும். மாணவர் முதலில் படிப்பதற்கு ஏற்ற ஆய்வு நூல்களாக இவை கருதப்படுவது இதனால்தான். ஆனால் அச்சுச் செலவுக்கெனத் தனியே நிதி ஒதுக்கப்படாத அறக்கட்டளைகளில் உரைகள் அச்சேறுவதில்லை. சொற்பொழிவாளரின் கைப்படியும் காக்கப்படாவிடில், அன்று அவையில் இருந்தவர்களோடு அவ்வுரை மறைந்துவிடுகிறது.

சிக்கல்கள்

வட்டியும் விலைவாசியும்: அறக்கட்டளைகள் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் இதுவே. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய் முதலுக்கு 10 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 1,000 ரூபாய் கிடைக்கும். வட்டி 6 விழுக்காடாகக் குறைந்தால் 600 ரூபாயே கிடைக்கும். அதே காலத்தில் அச்சு, பயணம் ஆகியவற்றின் செலவு பன்மடங்கு உயர்ந்துவிடும். ஆகவே முன்பு ஒருவரை வெளியூரிலிருந்து அழைக்கப் போதுமானதாக இருந்த தொகை, பின்னர் அழைப்பிதழ் அச்சிடவும் போதாமற்போகிறது. இதனால் பல அறக்கட்டளைகளை ஒரே நாளில் சேர்த்து நடத்துவதும், சில ஆண்டுகளின் வட்டியைச் சேர்த்துவைத்து ஒருமுறை நடத்துவதும் வழக்கமாகியுள்ளன. கொடையாளரின் குடும்பத்தாரோ முன்னாள் மாணவர்களோ முதலை உயர்த்திக்கொடுத்தால் மட்டுமே இச்சரிவைத் தடுக்க முடியும்.

அவையோர்: பொதுமக்களுக்கெனத் தொடங்கப்பட்ட சொற்பொழிவுகள் பலவற்றில் இன்று அத்துறை மாணவர்களே அவையை நிரப்புகின்றனர். அழைப்பிதழ் கல்லூரி அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுவதும், கூட்டம் வேலை நாளின் முற்பகலில் நடப்பதும், வெளியார் வளாகத்தில் நுழையத் தயங்குவதும் இதற்குக் காரணங்கள். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வளர்ந்த நூலகங்களின் வாசகர் வட்டங்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

வினா நேரம்: வாழ்த்துரை, அறிமுகவுரை, நன்றியுரை ஆகியவை நீண்டு, கேட்போர் வினா எழுப்ப நேரமில்லாமற்போவது தமிழ் மேடைகளின் பொதுக் குறையாகச் சுட்டப்படுகிறது. வினாவுக்கு இடமில்லாதபோது, சொற்பொழிவு கல்வியின் தன்மையை இழந்து சடங்காகிவிடுகிறது.

இணையத்தில்

கிரெசாம் கல்லூரி தன் விரிவுரைகளை இணையத்தில் கட்டணமின்றி வழங்கிவருகிறது. தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் பல கல்லூரிகள் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை இணையவழி நடத்தின. பயணச் செலவு இல்லாததால் சிறு அறக்கட்டளைகளும் தொலைவிலுள்ள அறிஞர்களை அழைக்க முடிந்தது. சிற்றூர்களில் உள்ளோரும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் உள்ளோரும் ஒரே உரையைக் கேட்க இது வழிசெய்தது. பதிவுகளைத் தலைப்பு, சொற்பொழிவாளர், ஆண்டு ஆகிய விவரங்களோடு ஓரிடத்தில் தொகுத்து வைத்தால், நூலாகாத உரைகளும் பிற்கால மாணவர்களுக்குக் கிடைக்கும்.

இவற்றையும் பார்க்க

- ரா. பி. சேதுப்பிள்ளை
- ஆறுமுக நாவலர்
- தேவநேயப் பாவாணர்
- கம்பன் கழகம்
- பட்டிமன்றம்
- சமுதாயக் கல்லூரி
- பெரியார் பல்கலைக்கழகம்
- சூரமங்கலம்